இடது கையால் பார்த்து வாங்கியது

பக்கத்து அறையில் இருப்பவருக்கு,

நேரில் பேச ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிறீர்கள். அதனால் எழுதுகிறேன்.

திரை வைத்த டிராயிங் டேப்லெட், நம் கைக்கு எட்டும் விலையில் வேண்டும் என்றீர்கள். இரண்டு மாதமாக நான் காட்டியதில் ஒன்றாவது தேறியதா? ஒன்று சூடாகிறது, ஒன்றில் நிறம் வெளிறுகிறது, ஒன்றில் பேனா ஓரிடம், கோடு ஓரிடம். எல்லாம் யாரோ எழுதியதைப் படித்துச் சொன்ன குறைகள். ஒன்றையும் நீங்கள் தொட்டுப் பார்க்கவில்லை.

நேற்று நானே கடைக்குப் போய், மூன்று டேப்லெட்டிலும் இடது கையால் பூனை வரைந்தேன். விற்கும் பெண் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அக்கா, நீங்க இடது கைக்காரங்களா?"

"இல்லம்மா. வரையப் போறவருக்கு வலது கை விழுந்துடுச்சு."

"பூனை பூசணிக்காய் மாதிரி இருக்கே."

"அவரோடதும் கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும்."

விலை குறைந்ததில் ஓரங்களில் கோடு விலகியது. நடுத்தர விலையில் இருந்தது விலகவில்லை. அதையே வாங்கி, உங்கள் கணினியில் இணைத்து, வரையும் இடது கை தவறிப் படாமல் இருக்க, பொத்தான்கள் வலப்பக்கம் வரும்படி திருப்பி வைத்திருக்கிறேன்.

சிறுவர் இதழ் ஆசிரியர் மறுபடி அழைத்தார். யானைக் கதைக்கு ஒரே ஒரு படம். கோடு கோணலாக வரும் என்றேன். "வரட்டும்மா, யானை கோணலா நடக்குதுன்னு போட்டுடறேன்" என்றார். வெள்ளிக்கிழமை தருவதாகச் சொல்லிவிட்டேன்.

டேப்லெட்டைப் பத்து நாளுக்குள் கடையில் திருப்பிக் கொடுக்கலாம். ஆனால் வரைந்து பார்த்துவிட்டுத்தான் குறை சொல்ல வேண்டும். கோணல் கோட்டை நான் பார்த்துவிடுவேனே என்றுதானே இத்தனை நாள் தள்ளிப்போட்டீர்கள்? பார்க்கத்தான் போகிறேன். கதவைத் தாழிடாதீர்கள்.

உங்கள் பிடிவாதத்தோடு குடித்தனம் நடத்துபவள்