குடிலுக்கு வந்த கற்கள்

23-12-1968, திங்கள்

கிறிஸ்துமஸ் குடிலுக்குக் கல்லும் பாசியும் பொறுக்கி வரப் பிள்ளைகளைக் காலையில் ஏரிக்கரைக்கு அனுப்பியது நான்தான். ஆறு கற்கள் கொண்டுவந்தார்கள். ஒன்றில் வெள்ளைக் கோடு ஓடியது. மஞ்சளாக ஏதோ அப்பியிருந்ததை மண் என்று நினைத்து நானே தேய்த்துக் கழுவினேன். எங்கே போயிற்று என் புத்தி? அந்தோணியும் ஸ்டெல்லாவும் கற்களை வட்டமாக அடுக்கி, நடுவில் வைக்கோல் பரப்பினார்கள். அழகாகத்தான் இருந்தது.

சாயங்காலம் பக்கத்து வீட்டு மாதம்மா குடில் பார்க்க வந்தாள். போன மாதம்தான் பத்து நாள் பிள்ளையைப் பறிகொடுத்தாள். வெகுநேரம் குனிந்திருந்தாள். வெள்ளைக் கோட்டை விரலால் தடவினாள்.

"கொழந்தயக் காணமேங்க்கா?"

"நாளைக்கு ராத்திரிதான் வெப்போம், மாதம்மா."

"கல்லெல்லாம் இப்படியே இருக்கட்டுங்க. நாளைக்கு நானும் வரேன்."

சிரித்துக்கொண்டே போனாள். அவள் சிரித்து ஒரு மாதமாகிறது.

அப்புறம்தான் கற்களை எங்கே எடுத்தார்கள் என்று அந்தோணியை மிரட்டிக் கேட்டேன். "சின்ன மேடும்மா. மேல முள்ளு போட்டிருந்துச்சு. தள்ளிட்டு எடுத்தோம்" என்றான். நாய் தோண்டாமலிருக்கப் பச்சைப் பிள்ளையின் குழிமேல் கல்லும் முள்ளும் வைப்பார்கள் என்று அவனுக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

விடிவதற்குள் கற்களைத் திரும்ப வைத்துவிடலாம் என்று சற்றுமுன் விளக்கோடு குடிலருகே போனேன். வைக்கோலின் நடுவே, பிள்ளைக்குப் பால் புகட்டும் சங்கு ஒன்று இருக்கிறது. எப்போது வைத்தாளோ.

சங்கு நிறையப் பால். நான் எந்தக் கல்லையும் தொடவில்லை.