ஓரமும் நடுவும்

மாதபா, மார்ச் 14

அன்புள்ள லமீஸ்,

தொலைபேசியில் நீ பாதிதான் கேட்கிறாய், அதனால் எழுதுகிறேன். மினிபஸ் ஓட்டும் அபூ ரஆதிடம் ஒரு பொட்டலம் கொடுத்திருக்கிறேன். உன் அப்பா தன் ஆலையில் தயாரித்த வலிப்பு மாத்திரைகள், பிரிக்காத அட்டைகள். குழந்தை மைசூன் வலிப்பில் இறந்தாளே, அவள் சாப்பிட்ட அதே தொகுதி.

"மருந்து சரி. தாய்தான் வேளைக்குக் கொடுக்கவில்லை" என்று உன் அப்பா விசாரணையில் சொன்னார், சாகும்வரை அதையே சொன்னார். அந்தத் தாய், உம் நிமர், கொடுத்தேன் என்றுதான் இன்றும் சொல்லித் திரிகிறாள். தேவாலயப் பூசையில் என் பின்னாலிருந்து, "மருந்துக்காரர் பொண்டாட்டி எப்படி நிமிந்து நடக்கறா பாரு" என்கிறார்கள். நடப்பேன். கன்னியர் மடத்துப் பள்ளியில் அப்படித்தான் பழக்கினார்கள்.

உங்கள் ஆய்வுக்கூடத்தில் சிங்க்ரோட்ரான் என்று ஒரு பெரிய எக்ஸ்ரே இயந்திரம் இருக்கிறதே, அதன் கதிரில் வைத்துப் பார்த்து, அவர் சொன்னது சரியென்று எழுதிக் கொடு. ஊர் வாயை மூட வேண்டும்.

உன் சென்ற கடிதத்தில் தேதி இல்லை.

உன் தாய்,
நுஹாத்


அல்லான், மார்ச் 27

அன்புள்ள அம்மாவுக்கு,

பொட்டலம் வந்தது. "உங்கம்மா எண்ணிக் குடுத்திருக்காங்க, ஒண்ணு கொறஞ்சா என் தோல உரிச்சிருவாங்க" என்றார் அபூ ரஆத்.

ஒரு மாத்திரையை அரைத்து, முடி போன்ற கண்ணாடிக் குழாயில் அடைத்துக் கதிரில் வைத்தேன். மருந்து அதே மருந்து, அளவும் சரி. ஆனால் படிகத்தின் அடுக்கு மாறியிருக்கிறது. உள்ளே தண்ணீர் சேர்ந்து உட்கார்ந்திருக்கிறது. இந்த உருவில் அது வயிற்றில் சரியாகக் கரையாது. விழுங்கினாலும் பெரும்பாலும் வீண்.

கோபப்படாதீர்கள்.

உங்கள் மகள்,
லமீஸ்


மாதபா, மார்ச் 29

லமீஸ்,

அரைத்தாயா? இவ்வளவு படித்தவள் செய்கிற வேலையா இது? தேய்க்கிற தேய்ப்பிலேயே படிகம் மாறும் என்று உன் அப்பா பயிற்சிக்கு வந்தவர்களைத் திட்டுவது உன் காதில் விழுந்ததே இல்லையா? அதுவும் இல்லையென்றால், இத்தனை வருடம் அலமாரியில் ஈரம் ஏறியிருக்கும். முழு மாத்திரையாக வைத்து மறுபடி பார்.

நுஹாத்


அல்லான், ஏப்ரல் 12

அன்புள்ள அம்மாவுக்கு,

அரைத்தது என் தவறுதான். என் மேலாளர் ஃபர்ஹாத், "அம்மாவையே இங்க வேலைக்குச் சேத்துக்கலாம்" என்றார்.

இம்முறை அரைக்கவில்லை. ஊசி போல மெல்லிய கதிரை ஓரத்திலிருந்து நடுவரை நகர்த்திப் பார்த்தேன். அலமாரி ஈரமென்றால் ஓரம் அதிகமாகவும் நடு குறைவாகவும் மாறியிருக்கும். இரண்டும் ஒரே மாதிரி மாறியிருக்கின்றன. அட்டையிலும் ஓட்டை இல்லை. ஆலையை விட்டு வரும்போதே ஈரம் உள்ளே இருந்திருக்கிறது.

பிறகு கதிரில் வைத்தபடியே சூடாக்கினேன். தண்ணீர் போகப் போக அடுக்கு மாறி, இருக்கவேண்டிய உருவுக்கு வந்தது. ஆலையில் நன்றாக உலர்த்தியிருந்தால் முதலிலேயே அப்படி இருந்திருக்கும். உலர்த்தும் நேரத்தைக் குறைத்தவர் அப்பா. "ரெண்டு மணி நேரம் மிச்சம் பண்ணிட்டேன்" என்று நம் சாப்பாட்டு மேசையில்தான் பெருமையாகச் சொன்னார்.

அதனால் மருந்து வீணாகுமென்று அப்பாவுக்குத் தெரியாது அம்மா. அவர் பொய் சொல்லவில்லை. உம் நிமரும் பொய் சொல்லவில்லை.

நான் என்ன எழுதட்டும்?

லமீஸ்


அல்லான், மே 2

அம்மா,

பதில் இல்லை. பாஸ்கா பண்டிகைக்கும் கூப்பிடவில்லை. நான் வீட்டுக்கு வரலாமா, கூடாதா? அதை மட்டுமாவது சொல்லுங்கள்.

லமீஸ்


மாதபா, மே 9

அன்புள்ள லமீஸ்,

வெள்ளிக்கிழமை வா. நீ கண்டதைக் கண்டபடி எழுது. அப்பாவின் பெயரையும் எழுது. 'ஆலை' என்று பூசி மெழுகாதே.

நேற்று உம் நிமர் வீட்டுக்குப் போனேன், பாதிரியாரையும் உன் பெரியப்பாவையும் அழைத்துக்கொண்டு. "மன்னிப்புக் கேக்க ஆம்பளைங்க போறதுதான் வழக்கம், நீ வீட்ல இரு" என்றார் பெரியப்பா. "பழி விழுந்தது பொம்பள மேல. வண்டிய எடுங்க" என்றேன்.

காபி கொடுத்தார்கள். குடிக்காமல் முன்னால் வைத்தேன். நம் வழக்கப்படி, உம் நிமர் மன்னிப்புத் தரும்வரை அதைத் தொட எனக்கு உரிமை இல்லை; அவர் குடிக்கச் சொன்னால்தான் மன்னித்ததாக அர்த்தம். நீ எழுதியதையெல்லாம் சொன்னேன். அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"நான் மருந்து குடுத்தேனா, இல்லையா?"

"குடுத்தீங்க."

"சத்தமா சொல்லுங்க. உள்ள என் வீட்டுக்காரர் படுத்திருக்கார். அவரும் என்னத்தான் குத்தம் சொல்லிட்டிருக்கார்."

தெருவுக்குக் கேட்கும்படி சொன்னேன்.

பெரியப்பா எழுந்து, போகலாம் என்று சாடை காட்டினார். உம் நிமர் குனிந்து என் கோப்பையை எடுத்தார்.

"ஆறிப்போச்சு" என்று உள்ளே போனார்.

அடுப்பைப் பற்றவைக்கும் சத்தம் கேட்டது. நான் உட்கார்ந்தே இருந்தேன்.

உன் தாய்,
நுஹாத்