ஐம்பத்தெட்டு முறை

சாண்டஸ்கி, ஆகஸ்ட் 11

ரே வந்தான். வலைக்கதவின் கிறீச்சிடும் கீலை நான் கேட்காமலே சரிசெய்தான். ஏதாவது வேண்டுமென்றால் தம்பி அப்படித்தான். பிறகு, முன்பு தான் ஆடிய பேஸ்பால் கிளப்பின் கடிதத்தை நீட்டினான். மைதானத்துக் கௌரவச் சுவரில் பெயர் பொறிப்பதற்கான பரிசீலனைப் பட்டியலில் அவனுக்கு இது பத்தாவது ஆண்டு. இம்முறையும் தேர்வாகவில்லையென்றால் பட்டியலிலிருந்தே பெயரை எடுத்துவிடுவார்கள்.

"அந்த ஸ்கோர் அட்டைங்களக் குடுக்கா. கமிட்டிக்குக் காட்டணும்."

அவன் ஆடிய ஒவ்வோர் அக்டோபரும் கேலரியில் உட்கார்ந்து நான் பென்சிலால் குறித்தவை. ஐம்பத்தெட்டு முறை மட்டை பிடித்து இருபத்துநான்கு ஹிட். மற்ற மாதங்களில் நாலு முறைக்கு ஒரு ஹிட்தான். ஆனால் அக்டோபரின் கோப்பை ஆட்டங்கள் வீரரின் மொத்தக் கணக்கில் சேராது. இரண்டு கோப்பை வாங்கிக் கொடுத்தவன் ஏட்டில் சாதாரண ஆள்.

"பத்திரமா வச்சிருக்கியே" என்றான். எதற்காக வைத்திருந்தேன் என்று நான் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 30

கமிட்டியின் ஒன்பது பேரில் ஆறு பேர் ஓட்டு வேண்டும். ஐந்து உறுதி என்கிறான். ஹால்பர்ன் என்ற பழைய விளையாட்டு நிருபர்தான் இழுக்கிறாராம். கல்லூரியில் என்னோடு புள்ளியியல் நடத்தும் வெரா சொன்னாள்: "அவரு சொந்த நாய்க்கே ஓட்டுப் போடமாட்டாரு." சிரித்தேன்.

செப்டம்பர் 6

ஐந்து.

செப்டம்பர் 7

ஹால்பர்ன் வாதாடவே இல்லையாம். ஒரு கட்டுரையின் நகலை எல்லோருக்கும் கொடுத்தாராம். பதினோரு ஆண்டுக்கு முந்தைய புள்ளியியல் இதழில் வந்தது. அதன் முடிவு இதுதான்: நெருக்கடியில் அடிப்பவர் என்று தனியாக ஒருவர் கிடையாது. ஐம்பத்தெட்டு முறை எதையும் நிரூபிக்கப் போதாது. அதிர்ஷ்டம் என்பதே போதுமான விளக்கம். எழுதியவர் லோரெய்ன் ஹுடாக். நான்.

'ஓர் ஆட்டக்காரர்' என்றுதான் எழுதினேன். அட்டைகளைப் பக்கத்தில் வைத்தால் யாரென்று தெரிந்துவிடும். அட்டைகளைக் கொடுத்ததும் நான்தான். அந்த இதழை யார் படிக்கப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

அதில் ஒரு வரிகூடத் தவறில்லை. இன்று எழுதினாலும் மாற்றமாட்டேன். — மாட்டேனா?

செப்டம்பர் 14

அட்டைகளை ரப்பர் பேண்டு போட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

"நீ எழுதினது சரியா?"

"சரிதான்."

"அப்ப நான் ஒண்ணுமே பண்ணலயா?"

"அப்படிச் சொல்லலடா. நிரூபிக்க முடியாதுன்னு—"

"நீ பென்சிலக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருப்ப. நமக்காக அக்கா நடுங்குறான்னு நெனச்சேன். நீ எண்ணிக்கிட்டு இருந்திருக்க."

நடுங்கவும்தானே செய்தேன். அட்டைகளை இழுப்பறையில் வைத்து மூடினேன்.

அக்டோபர் 19

வரமாட்டான் என்றிருந்தேன். வழக்கம்போல சாசேஜும் பீருமாக வந்துவிட்டான். டிவியில் கோப்பை ஆட்டம்; முன்னால் புது அட்டையும் பென்சிலும் எடுத்துவைத்தேன்.

கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸ். எங்கள் அணிக்கு ஒரு ரன் குறைவு, இரண்டு பேர் அவுட், மூன்று பேஸிலும் ஆள்; இன்னோர் அவுட் என்றால் ஆட்டம் முடிந்தது. எல்லா வருடமும் இந்த இடத்தில் டிவியை மறைத்துக்கொண்டு, இல்லாத மட்டையை வெறுங்கையால் பிடித்து நிற்பான். உட்காரச் சொல்லித் திட்டுவேன்.

இன்று எழுந்து கோட்டை மாட்டினான்.

"எங்கடா கெளம்பிட்ட? இத மட்டும் பாத்துட்டுப் போ."

"இனிமே அதிர்ஷ்டந்தானக்கா. நான் பாத்தா என்ன, பாக்காட்டி என்ன."

வலைக்கதவு சத்தமில்லாமல் மூடிக்கொண்டது. கீலை நன்றாகத்தான் சரிசெய்திருக்கிறான்.

டிவியில் கூட்டம் கத்தியது. நான் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அட்டையில் கடைசிக் கட்டம் காலியாக இருக்கிறது.