எலுமிச்சைக் கட்டனில் கிரியாட்டின்

ஜூலை 14, திங்கள்

அம்மா தூங்கிவிட்டாள். தேயிலைத் தோட்ட லயத்துச் சுவர் மெல்லியது, பக்கத்து வீட்டில் புரண்டு படுத்தாலும் கேட்கும். பேனாவைக்கூட மெதுவாகத்தான் நகர்த்துகிறேன்.

ஜோபி சார் இன்றோடு மிட்டாயை நிறுத்திவிட்டார். எங்கள் பள்ளியின் வடம்வலி அணிக்கு, கயிறு இழுக்கிற அணிக்கு, அவர்தான் கோச். ஜூன் முழுக்க எட்டுப் பேருக்கும் சிவப்பு ஜெல்லி மிட்டாய் கொடுத்தார். கிரியாட்டின் மிட்டாய், தசைக்குப் பலமாம். டப்பாவில் போட்டிருக்கிற அளவு உள்ளே இருக்கிறதா என்று யார் கண்டது என்று இன்று அவரே சொல்கிறார். ஒரு மாதம் எங்களைத் தின்ன வைத்தது யார்?

இனிமேல் பவுடர். ஒரு வாரத்துக்கு ஏழு பொட்டலம். குடிக்காதவளுக்கு அணியில் இடமில்லை. வீட்டில் மூச்சு விடக்கூடாது.

வெள்ளைப் பவுடர். பொட்டலத்தில் பெயர்கூட இல்லை. போன வாரம்தான் அசெம்பிளியில் கையை நீட்டி லஹரிக்கு, போதைப்பொருளுக்கு எதிராக உறுதிமொழி எடுத்தோம். இதை என் பையில் யாராவது பார்த்தால் — பிளஸ் ஒன் படிக்கிற பெண் பையில் வெள்ளைப் பொட்டலம் — என்ன சொல்வேன்?

ஆனால் மாவட்டப் போட்டிக்கு நான் போகவேண்டும். கயிற்றில் மூன்றாவது ஆள் நான். அந்த இடத்தை யாருக்கும் விடமாட்டேன்.

ஜூலை 16, புதன்

தண்ணீரில் கரையவே இல்லை. ஆற்று மணல் மாதிரி அடியில் நின்றது.

வழி கண்டுபிடித்துவிட்டேன். அம்மா கொழுந்து எடுக்கப் போகும்முன் எலுமிச்சை பிழிந்து, பாலில்லாத கட்டன் சாயா போடுவாள், அவளுக்கொரு பிளாஸ்க், எனக்கொரு பிளாஸ்க். அவள் முகம் கழுவப் போனபோது என்னுடையதில் கொட்டினேன். சூட்டில் நிமிடத்தில் மறைந்துபோனது. புளிப்பில் ருசியும் தெரியவில்லை. சாயங்காலம் நாலு மணிக்கு, பயிற்சிக்கு முன்னால் குடித்தேன். என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ஜூலை 22, செவ்வாய்

லிஜி எங்கள் கடைசி ஆள், கயிற்றை உடம்பில் சுற்றிக்கொண்டு நிற்பவள். போனில் யாரோ செய்ததைப் பார்த்துவிட்டுப் பவுடரை அப்படியே வாயில் கொட்டினாள். மூச்சுக்குழலில் போய்விட்டது. இருமி இருமி மூக்கு வழியாக வெள்ளையாக வந்தது. நான் முதுகைத் தட்டினேன். சார் சிரித்தார். “மூக்குப்பொடி போட்ட ஆளு மாதிரி இருக்கியேடி.”

இனி தண்ணீரில்தான் குடிப்பாளாம், கலக்கியதும் உடனே.

ஜூலை 29, செவ்வாய்

இன்று எல்லார் முன்னாலும் சார் என்னைக் காட்டினார். “பாத்தீங்களா, மாரீஸ்வரி இழுக்கல. அவ குடிச்ச பவுடர் இழுக்குது.”

சந்தோஷப்பட்டேன். வீட்டுக்கு ஏறும்போதுதான் உறைத்தது.

ஆகஸ்ட் 1, வெள்ளி

கிரியாட்டினைச் சாயாவில் போட்டு வைக்கலாமா என்று கெமிஸ்ட்ரி கத்தரீனாள் மிஸ்ஸிடம் கேட்டேன். கம்பம் ஊரில் இருக்கிற அண்ணன் ஒருவன் குடிக்கிறான் என்று சொன்னேன். (அண்ணன் எனக்கு இல்லை.) கலக்கியதும் குடித்தால் பரவாயில்லை, ஆனால் சூடும் புளிப்பும் சேர்ந்து மணிக்கணக்கில் கிடந்தால் அது உடைந்து வேறு பொருளாகிவிடும், உடம்பு அதைச் சிறுநீரில் தள்ளிவிடும் என்றார். எவ்வளவு உடையும் என்பதைச் சோதித்துப் பார்க்காமல் சொல்ல முடியாதாம். கடைசியில் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார். “பதினெட்டு வயசுக்குள்ள இருக்கிறவங்க டாக்டர் சொல்லாம இதைத் தொடக்கூடாதுன்னு உங்க அண்ணன்கிட்ட சொல்லு.”

காலை ஏழிலிருந்து சாயங்காலம் நாலு வரை என் பிளாஸ்க்கில் கிடந்ததே! அப்போ செவ்வாய்க்கிழமை இழுத்தது யாரு? பவுடரா? நான்தானே இழுத்தேன். என் காலு, என் கை.

இன்றிலிருந்து பவுடரையே போடப்போவதில்லை. சார் கண்டுபிடிக்கட்டும் பார்க்கலாம்.

ஆகஸ்ட் 6, புதன்

அவர் கண்டுபிடிக்கவில்லை.

இன்று எடை பார்த்தார்கள். எங்கள் பிரிவில் எட்டுப் பேரும் சேர்ந்து நானூறு கிலோவைத் தாண்டக்கூடாது. நானூற்று இரண்டு. லிஜி மட்டும் இரண்டரை கிலோ ஏறியிருக்கிறாள். கிரியாட்டின் தசையில் தண்ணீரைப் பிடித்து வைக்கும் என்று சாருக்குத் தெரியும், அவரே சொன்னார். போட்டி சனிக்கிழமை. அதுவரை லிஜி தண்ணீர் குடிக்கக்கூடாது, மழைக்கோட்டு போட்டுக்கொண்டு ஓடவேண்டும்.

ஓடினாள். நாலாவது சுற்றில் சுவரைப் பிடித்துக்கொண்டாள். உதடு வெடித்திருந்தது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஏன் நின்னேன்? வாயில என்ன இருந்துச்சு?

ஆகஸ்ட் 7, வியாழன்

சொல்லிவிட்டேன்.

லிஜி மறுபடி மழைக்கோட்டை மாட்டியபோது நடுவில் போய் நின்றேன். “சார், அவ தண்ணி குடிக்கட்டும். நான் ஒரு வாரமா உங்க பவுடரத் தொடல. அதுக்கு முன்னாடி குடிச்சதும் சாயாவுல கெட்டுப்போனது. உங்களுக்கு வித்தியாசம் தெரிஞ்சுதா?”

சார் முகம் கறுத்தது. “அப்படின்னா நீ வேண்டாம். ஜிபி, மூணாவதுல நில்லு.” ஜிபி எங்கள் மாற்று ஆள்.

லிஜி மழைக்கோட்டோடு குழாயடிக்குப் போய்க் குனிந்து குடித்தாள்.

ஏறிவரும்போது கணக்குப் போட்டேன். நான் நாற்பத்தெட்டு, ஜிபி நாற்பத்தைந்து. என்னை எடுத்ததும் முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது. இனி யாரும் தாகத்தில் கிடக்க வேண்டாம். தேயிலைக்கு நடுவில் தனியாகச் சிரித்தேன். அப்புறம் உட்கார்ந்து அழுதேன். என் இடம் அது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

நேற்று ராத்திரியே மிச்சமிருந்த பொட்டலங்களை அம்மா முன்னால் வைத்தேன். அடிப்பாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். பொட்டலத்தை முகர்ந்து பார்த்தாள். “ஏட்டி, இதுக்கா இத்தன நாளா என் மூஞ்சியப் பாக்காமத் திரிஞ்ச?”

இன்று அவள் வேலைக்குப் போகவில்லை. என்னோடு பள்ளிக்கு வந்தாள். ஹெட்மிஸ்ட்ரஸ் எழுதித் தரச் சொன்னார்கள். ஒரு பக்கம் எழுதி முழுப் பெயரும் போட்டேன். கையெழுத்து கோணலாக வந்தது. திருத்தவில்லை.

ஆகஸ்ட் 9, சனி

மூன்றாம் இடமாம். சான்றிதழில் எட்டுப் பெயர், என்னுடையது இல்லை.

ஆகஸ்ட் 18, திங்கள்

ஜோபி சார் ஒரு வாரமாக வரவில்லை. என்னால்தான் என்று அணியில் பாதிப் பேர் என்னோடு பேசுவதில்லை. பேசாமல் இருக்கட்டும்.

இன்று கத்தரீனாள் மிஸ் விசில் வாங்கிக்கொண்டு மைதானத்துக்கு வந்தார். எப்போது ஊதவேண்டும் என்பதை லிஜி சொல்லிக்கொடுத்தாள். புதிதாகச் சில பிள்ளைகள் சேர்ந்திருக்கிறார்கள், இரண்டு பக்கமும் நிற்க ஆள் இருந்தது. மூன்றாவதில் யார் என்று மிஸ் கேட்டார். ஜிபி நகரவில்லை.

சரி. நான் எதிர்ப்பக்கம் போய்க் கயிற்றைப் பிடித்தேன்.

மூன்று முறை இழுத்தோம். இரண்டு எங்கள் பக்கத்துக்கு.