விளம்பரப் பலகையில் உங்களுக்கு நரை விழுந்த நாள்

இன்று காலை சாத்தம் துறையில் படகை விட்டு இறங்கினால், பலகையில் உங்கள் படத்தை மாற்றியிருக்கிறார்கள். கறுப்புத் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நிற்பீர்களே, அது போய்விட்டது. இப்போது மூட்டு வலித் தைலம். தாடி பாதி வெளுத்திருக்கிறது. கண்ணாடி வேறு. முழங்காலைப் பிடித்தபடி சிரிக்கிறீர்கள். புது ஃபிளெக்ஸின் வாடை மழையிலும் போகவில்லை. குடையை விரிக்க மறந்து அப்படியே நின்றுவிட்டேன். பின்னால் வந்தவர், "சலோ தீதி, ஆகே படோ" என்று என்னை நகர்த்திவிட்டுப் போனார்.

உங்கள் படம் என்று எழுதுகிறேன். அது உங்கள் படம் இல்லையென்று எனக்குத் தெரியாதா என்ன? அது அந்தப் பந்து வீச்சாளரின் படம். நமக்குக் கல்யாணமான புதிதில்தான் அவர் இந்திய அணிக்கு ஆட வந்தார். பக்கத்து வீட்டு வங்காளி அக்கா மாவுக் கையோடு ஓடிவந்து, "தும்ஹாரா ஆத்மி டீவி மே!" என்று கத்தினாள், உன் புருஷன் டீவியில் என்று. போய்ப் பார்த்தேன். அதே சுருட்டை முடி, அதே முன்பல் சந்து, முறைக்கும்போது ஒரு புருவம் மட்டும் ஏறுகிற அதே திமிர். அவர் வடக்கே எங்கேயோ பிறந்தவர். நீங்கள் கன்னியாகுமரிக் கரையிலிருந்து வந்த பெற்றோருக்கு இங்கே அந்தமானில், பாம்பூஃப்ளாட்டில் பிறந்து, டிங்கிப் படகில் மீன் பிடித்துக்கொண்டிருந்தவர். நீங்களும் வந்து பார்த்தீர்கள். பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கான்" என்றீர்கள், என்னமோ நேரில் மாப்பிள்ளை பார்க்க வந்தவர் மாதிரி.

அதற்குப் பிறகு உங்களைக் கையில் பிடிக்க முடிந்ததா? மெயின்லேண்ட் டூரிஸ்டுகள் படகில் உங்களைப் பார்த்ததும் குசுகுசுவென்று பேச ஆரம்பித்துவிடுவார்கள். நீங்கள் வேண்டுமென்றே காலரைத் தூக்கிவிட்டுக் கடலைப் பார்ப்பீர்கள். ஒரு பெரியவர் தொப்பியைக் கழற்றிக் கையெழுத்துக்கு நீட்டினார். காலடியில் சூரை மீன் கூடை நாறிக்கொண்டிருந்தது. அவருடைய மனைவி மூக்கைச் சுளித்து அதையே பார்த்தாள். "ஹாலிடே, ஹாலிடே. ஃபிஷிங்" என்றீர்கள் கொஞ்சமும் கூசாமல். தொப்பியில் உங்கள் பெயரைத் தமிழில் எழுதிக் கொடுத்தீர்கள். அவருக்கு அது ஸ்டைலான கையெழுத்தாகத் தெரிந்திருக்கும். கண்ணில் ஒற்றிக்கொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"யாரு முகத்தையோ வச்சுக்கிட்டு என்ன ஆட்டம் ஆடுதிய? வெக்கமா இல்ல?" என்று வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"ஏட்டி, இது எங்கம்மா குடுத்த முகம். அவன்தான் என் மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சம்பாதிக்கான். ஒருநாளு நேர்ல மாட்டட்டும், கேக்கேன். லே, என் பங்கு எங்கலேன்னு."

சொல்லிவிட்டு நீங்கள் சிரித்த சிரிப்பில் கூரைத் தகரம் அதிர்ந்தது. கொல்கத்தாவிலோ நாக்பூரிலோ எந்தெந்த வீட்டுக் கூடத்திலோ டூரிஸ்டுகள் உங்களோடு எடுத்த படத்தில் நீங்கள் சட்டம் போட்டுத் தொங்குகிறீர்கள், வேறொருவர் பெயரில். நம் வீட்டில்தான் பெரிதாக ஒரு படம்கூட இல்லை. என் போனில் இருப்பது ஒன்றே ஒன்று. அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டு, கண்ணீர் வழிய வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கிறீர்கள்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் டிங்கி மட்டும் வந்தது. கவிழ்ந்து மிதந்ததை ரெண்டு படகுக்காரர்கள் கட்டி இழுத்து வந்தார்கள். உங்களைத் தேடினார்கள், கிடைக்கவில்லை. எல்லாரும் அழுதார்கள், நான் அழவில்லை. நீரோட்டம் பர்மாப் பக்கம் தள்ளிக்கொண்டு போய், அங்கே ஜெயிலில் கிடந்து, ரெண்டு வருஷம் கழித்துத் தாடியோடு வந்து நின்றவர்கள் நம் கரையிலேயே இல்லையா? பங்குச் சாமியார் வீடு தேடி வந்தார். "மகளே, அவரு ஆன்மாவுக்கு ஒரு பூசை வச்சிருவோம்" என்றார். "ஆளு வரட்டும் சாமி" என்றேன். மறுபடி வந்தார். அதையேதான் சொன்னேன். நீங்கள் இல்லை என்கிற சொல்லை என் வாயிலிருந்து யாராலும் வாங்க முடியவில்லை. வாங்கிவிட்டால் நீங்கள் அந்த நிமிஷமே செத்துப்போவீர்கள் என்று இருந்தது எனக்கு.

அந்தச் சமயத்தில்தான் சாத்தத்தில் தண்ணீர்த் தொட்டிப் பலகையை வைத்தார்கள். ஃபீனிக்ஸ் பே தையல் கடைக்கு வேலைக்குப் போகும்போது "போய்ட்டு வாரேன்" என்று அதைப் பார்த்துச் சொல்லுவேன். சாயங்காலம் மழை பெய்தால் உங்கள் முகத்தில் தண்ணீர் வழியும். கடலிலிருந்து இப்போதுதான் ஏறி வந்தீர்களோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். பைத்தியம் பிடித்துவிட்டதென்று ஊரில் பேசிக்கொண்டார்கள். பேசட்டும்.

மறு வருஷம், வேலை முடிந்து திரும்பும் படகு. தூறல். பக்கக் கம்பியில் முழங்கையை ஊன்றி ஒருவர் முதுகைக் காட்டி நின்றார். தொப்பி போட்டிருந்தார். அந்தக் கழுத்தை நான் எத்தனை தடவை எண்ணெய் வைத்துத் தேய்த்திருக்கிறேன்! கையிலிருந்த பை நழுவியதுகூடத் தெரியவில்லை. கிட்டே போய், "ஏங்க" என்றேன்.

அவர் திரும்பவில்லை. மறுபடியும், "ஏங்க, நாந்தான்" என்றேன். திரும்பினார். நீங்கள்தான். முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கினார். நீங்களேதான். உங்கள் சட்டையைப் பிடிக்க என் கை போய்விட்டது. அவர் களைத்துப்போய்ச் சிரித்தார்.

"செல்ஃபி லேனா ஹை, தீதி?"

அந்தக் குரல்! மெல்லிசாக, சீப்பின் பல்லை விரலால் தட்டினது போல ஒரு குரல். மோட்டார் சத்தத்தோடு கத்திக் கத்திக் கரகரத்துப்போன உங்கள் தொண்டை எங்கே? என் கை பாதியில் நின்றுவிட்டது. நம் கரையிலிருக்கும் மலையைப் பார்க்க வந்த மனுஷன், பெண்டாட்டியோடு, கூட்டத்துக்குப் பயந்து தொப்பியை இழுத்துவிட்டு நிற்கிறார். போனைத் திறந்து உங்கள் வெங்காயப் படத்தைக் காட்டினேன்.

பார்த்தார். "அரே, யே தோ மே ஹூ" என்றார். நான்தானே இது, யார் எடுத்தது, எப்போது எடுத்தது என்று இந்தியில் என்னைக் கேட்கிறார்! பக்கத்திலிருந்த அவர் மனைவி போனை வாங்கிப் பார்த்தாள். கொஞ்ச நேரம்தான். "நஹீ. யே தும் நஹீ ஹோ" என்றாள். இது நீ இல்லை, நீ இப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை என்று அவரிடம் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பி, இவர் எங்கே என்று கேட்டாள்.

படகு நடுத்துறையில் இருந்தது. ஓட இடமில்லை. "நஹீ ரஹே" என்றேன்.

தமிழில் என்றால் சொல்லியிருக்க மாட்டேன். "செத்துட்டாரு" என்று சொல்ல என் நாக்கைப் பிடித்து இழுத்தாலும் வராது. இந்தி கடைத்தெருவில் பேரம் பேசுகிற பாஷை, படகில் இடம் கேட்கிற பாஷை. காவலில்லாத வாசல் வழியாக அந்தச் சொல் வெளியே போய்விட்டது. என் காதே அதைக் கேட்டது. அப்புறம்தான் அழுகை வந்தது. ஒரு வருஷத்து அழுகை. அந்தப் பெண் என்னைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அவர் தொப்பியைக் கழற்றிவிட்டார். படகில் ஒருவரும் செல்ஃபி கேட்கவில்லை.

கரை நெருங்கும்போது உங்கள் கேள்வி நினைவுக்கு வந்தது. விட்டுவிடுவேனா? அவரிடம் பங்கு கேட்க வேண்டுமென்று நீங்கள் சொல்லிக்கொண்டே இருப்பீர்கள் என்று அவரிடம் இந்தியில் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. படத்தை இன்னொரு தடவை காட்டச் சொன்னார். தன் சாவுச் செய்தியைத் தானே கேட்கிற ஆள் மாதிரி நின்றார். "மாஃப் கர்னா, தீதி" என்றார். எதற்கு மன்னிப்பு என்று அவருக்கும் தெரிந்திருக்காது. நான் பையை எடுத்துக்கொண்டு இறங்கி நேரே கோயிலுக்குப் போனேன். "பூசை வச்சிருங்க, சாமி" என்றேன். சாமியார் விளக்கைப் போட்டார்.

இப்போது அந்தப் பந்து வீச்சாளர் ஆடுவதில்லை. மேட்ச் நடக்கும்போது கோட்டுப் போட்டுக்கொண்டு டீவியில் உட்கார்ந்து பேசுகிறார். தொப்பை விழுந்திருக்கிறது. உங்களுக்கும் விழுந்திருக்கும், நீங்கள் சோறு தின்கிற அழகுக்கு. செத்தவர்களுக்கு வயசு ஏறாது என்பார்கள். உங்களுக்கு ஏறிக்கொண்டேதான் இருக்கிறது. முதல் நரை எப்போது வந்தது, எந்தப் பக்கம் வந்தது என்று எனக்குத் தெரியும். இன்றைக்கு முழங்கால் வேறு.

அவர் வந்தால் நான் டீவியின் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிடுவேன். "ஆவாஜ் கியூ பந்த்?" என்று வங்காளி அக்கா தினமும் கேட்கிறாள். முகத்தை அவர் வைத்துக்கொள்ளட்டும். குரல் என்னிடம்தான் இருக்கிறது, அதை யாருக்கும் பங்கு கொடுக்க மாட்டேன். சற்று முன்பும் அப்படித்தான், திரையில் உங்கள் வாய் அசைந்தது. "ஏட்டி, சாயா போட்டியா?" என்று உங்கள் குரல் கரகரத்தது.

"இந்தா வாரேன்" என்று எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைத்தேன்.