மாயாண்டியின் சதுரக் காசு

1927 மார்ச் 6, ஞாயிறு

பீடோர் டவுனுக்குப் போய் நல்லம்மாளுக்குக் கருவாடு வாங்கி வந்தேன். என் தம்பி மாயாண்டி போய் இன்றோடு ஏழு மாதம். அவன் பெண்டாட்டி நல்லம்மாள் இன்னும் தினமும் அவன் பங்குச் சோற்றை எடுத்து மூடி வைக்கிறாள். பொழுது சாய்ந்து, இன்று வரமாட்டான் என்று ஆனபின்தான் அதில் தண்ணீர் ஊற்றுகிறாள். வேண்டாம் என்று எந்த முகத்தோடு சொல்ல? விடிகாலை ஆள் எண்ணும் பெரட்டுக்குப் பிந்தி வந்தான் என்று அத்தனை ஆட்கள் முன்னால் அவனை அறைந்தவன் நான். ரப்பர் ஸ்டோரில் கணக்கெழுதும் கிராணி சொந்தத் தம்பிக்குச் சலுகை காட்டுகிறான் என்று துரை நினைத்துவிடக் கூடாதாம். அன்று மத்தியானமே லூமுட்டில் மீன் படகுக்குப் போகிறேன் என்று கிளம்பிவிட்டான்.

மார்ச் 9, புதன்

லூமுட் போலீசிலிருந்து எஸ்டேட்டுகளுக்கெல்லாம் கடிதம். போன மாதம் ஒரு தமிழாளின் பிணம் கரையில் ஒதுங்கியதாம். யாரென்று தெரியாமல் புதைத்துவிட்டார்கள். அரைஞாணில் ஒரு பழைய செப்புக் காசு, அது மட்டும்தான் அடையாளம்.

மாயாண்டி இடுப்பிலும் உண்டு. அப்பாவுக்கு வைகை மணலில் கிடைத்த சதுரக் காசு. எந்த ராஜா காலத்ததோ. துளை போட்டது நான். ஆணி வழுக்கி, அதிலிருக்கும் மிருகத்தின் பின்காலில் கீறல் விழுந்து அம்மாவிடம் அடி வாங்கினேன். தேய்ந்த மிருகம். நான் காளை என்பேன், அவன் யானை என்பான். இருபது வருஷச் சண்டை அது.

மார்ச் 11, வெள்ளி

லூமுட் போய் வந்தேன். மலாய் சார்ஜன்ட் நல்ல மனுஷர், உட்காரச் சொன்னார். காசை மேசையில் வைத்து, "லெம்பு கே? காஜா கே?" என்றார். மாடா, யானையா?

சதுரம்தான். செம்புதான். ஆனால் அதிலிருப்பது காளை. திமில் தெரிகிறது. எங்களுடையது யானை, ஆகவே இது தம்பியுடையது இல்லை என்று சொல்லிவிட்டேன். இத்தனை வருஷம் காளை என்று அடம்பிடித்தவன் இன்று யானை என்று சத்தியம் செய்கிறேன்! சார்ஜன்ட் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் காசின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து ஒரு படி எடுத்துக் கொடுத்தார். வீட்டில் காட்டு, யோசித்து வந்து சொல் என்றார்.

நல்லம்மாள் படலிலேயே நின்றிருந்தாள். "என்ன மிருகம் அத்தான்?"

"காளை."

"அவரு யானைன்னுதானே சொல்லுவாரு. அப்ப இது வேற யாரோ."

பாவம், யார் பெற்ற பிள்ளையோ என்று அந்தச் செத்தவனுக்காக அழுதாள்.

மார்ச் 13, ஞாயிறு

ஈப்போ. அங்கே சிலிபின் பக்கம் இருக்கும் ரயில்வே கிளார்க் கார்த்திகேசு அண்ணன் பழங்காசு சேர்க்கிறவர். பென்சில் படியைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்.

"மேடான இடம்தான் முதல்ல தேயும். அதான் தலையே இல்ல. முன்னால தொங்குது பாருங்க, இது தும்பிக்கையாவும் இருக்கலாம், காளையோட அலைதாடியாவும் இருக்கலாம். மேல இருக்கிற மேடு திமிலா, யானை மண்டையா? உங்களுக்கு எது வேணும் பழனியப்பன்? சொல்லுங்க, அதையே பார்த்துச் சொல்றேன்லா."

நான் சிரிக்கவில்லை. அவரும் நிறுத்திக்கொண்டார். வாசல் வரை வந்து, "இவ்ளோ தேயறதுக்கு முன்னால எடுத்த அச்சு ஏதும் இருந்தா கொண்டாங்க, போதும்" என்றார்.

அப்படி ஒன்றும் இல்லை என்றேன்.

மார்ச் 16, புதன்

இருக்கிறது. என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது.

மார்ச் 20, ஞாயிறு

பெட்டியைத் திறக்கவில்லை. நல்லம்மாள் அவன் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். தீபாவளிக்குள் வந்துவிடுவான் என்கிறாள். நானும் ஆமாம் என்றேன். என் வாய் அழுகிப்போகட்டும்.

மார்ச் 25, வெள்ளி

திறந்தேன்.

நாலு வருஷத்துக்கு முன்னால், சண்டை தீரட்டும் என்று ஸ்டோரில் காசின் மேல் ரப்பர் பால் ஊற்றி, திராவகம் விட்டு உறைய வைத்து அச்சு எடுத்தோம். உரித்தபோது தயிர் மாதிரி வெள்ளையாக இருந்தது, ஒன்றும் புரியவில்லை. புகைக்கூடத்தில் மாட்டிவிட்டு நான் மறந்தேபோனேன். அவன்தான் எடுத்து வந்து பெட்டியில் போட்டான். "இருக்கட்டும்ணே, ஒருநாள் நீயே ஒத்துக்குவ."

இப்போது தேன் நிறமாகியிருக்கிறது. தினமும் ரப்பர் ஷீட்டைப் பிடித்துப் பார்க்கிற மாதிரி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். தும்பிக்கை. நுனி உள்ளே சுருண்ட தும்பிக்கை, கீழே ஒரு சின்னத் தந்தம். கால்கள் தூண் மாதிரி நேராக. யானைதான். யானைதான்டா தம்பி, நீ சொன்னதுதான்.

பின்காலில் என் ஆணிக் கீறல். அச்சைப் பின்புறமாகத் திருப்பி, பென்சில் படியை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அதே இடம், அதே சாய்வு.

எழுதிவிடுகிறேன். அன்று ஸ்டேஷனில் காசை வைத்த உடனேயே அந்தக் கீறலைப் பார்த்துவிட்டேன். இந்த நோட்டில்கூட எழுதாமல் மறைத்தேன். காளையாகவே இருந்துவிட்டால் அவன் எங்கேயோ உயிரோடு இருப்பான் என்று... நான் அறைந்த கன்னம். அவன் திருப்பி ஒரு வார்த்தை சொல்லவில்லையே. இனி யாரிடம் போய் நான் மன்னிப்புக் கேட்பேன்?

மார்ச் 27, ஞாயிறு

இன்று மத்தியானம் நல்லம்மாள் சோறு வடித்து, அவன் பங்கை எடுத்து மூடிவிட்டு, எனக்கு இலை போட வந்தாள். உட்காராமல் நின்றேன்.

"நல்லம்மா, அந்த லூமுட் காசு..."

"சொல்லுங்க அத்தான்."

"யானை."

கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தாள். அப்புறம் கேட்டாள், "அவரு சொன்னதுதான் சரியா?"

"அவன் சொன்னதுதான் சரி."

தலையை ஆட்டிக்கொண்டாள். வெளியே வெயில் இன்னும் காய்ந்துகொண்டிருந்தது. அவள் மூடி வைத்த சட்டியைத் திறந்து, அதில் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றினாள்.