காலை ஆட்டுவது நீதான் என்கிறார்கள்

என் பேச்சிக்கு,

எங்கே இருந்தாலும் சரி, கொஞ்சம் கிட்டே வந்து உட்கார். வாய்விட்டுச் சொல்ல முடியாத சமாச்சாரம். எங்க அக்கா பக்கத்திலேயே இருக்கிறாள். அதனால்தான் எழுதுகிறேன்.

நீ போனதிலிருந்து என் கால் இரண்டும் பேயாட்டம் ஆடுகிறது. முன்னேயும் ஆடும்தான். காலையில் கண் விழித்ததும் ஒரு உதறு, சாயங்காலம் ஒரு உதறு. நீ முட்டியில் கையை வைத்துக்கொண்டு, "ஆடு ராசா, ஆடி முடி, எனக்கு அடுப்புல வேலை கெடக்கு" என்று அதோடு பேசிக்கொண்டிருப்பாய். அதுவும் சொன்ன பேச்சுக் கேட்டு அடங்கும். இப்போது யார் பேச்சையும் கேட்பதில்லை. இரண்டு காலும் சுருட்டிக்கொண்டு வயிற்றோடு வந்து ஒட்டுகிறது, மறுநொடி கட்டையாக விறைத்து உதைக்கிறது. போன வாரம் கட்டிலிலிருந்து கீழே தள்ளிவிட்டது. என் காலே என்னைத் தள்ளிவிடுது, கேட்டியா கதையை?

உனக்குத் தெரியும். இதை எட்டிப் பார்த்துப் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். தாராவிப் பட்டறையின் இரும்பு ஏணியிலிருந்து விழுந்து முதுகெலும்பு ஒடிந்த நாளிலிருந்து எனக்கு இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியாது. கிள்ளினாலும் தெரியாது, சுட்டாலும் தெரியாது. நானாக அசைக்க நினைத்தால் சுண்டுவிரல்கூட அசையாது. அதுவாக ஆடினால்தான் உண்டு.

நாளைக் காலையில் ஊசி. பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லிவிட்டார். "ஏக் சூயி, பஸ். ஒரே ஊசி, முதுகுல போட்டா ஆட்டம் நின்னுடும்." நின்றால் நல்லதுதானே என்று அக்கா கும்பிட்டாள். நான்தான் கேட்டேன், அப்புறம் கால் எப்படி இருக்கும் என்று. நனைந்த துணி மாதிரி தொங்கும், திரும்ப விறைக்காது, மூத்திரம் போவதும் இப்போது போகிற மாதிரி இருக்காது என்றார். ஒரு தடவை போட்டால் போட்டதுதான், மாற்ற முடியாதாம்.

அந்த விறைப்பை வைத்துத்தானே நீ என்னை நிமிர்த்தினாய்! கட்டில் ஓரத்தில் உட்கார வைத்து, உள்ளங்காலைத் தரையில் பதித்து, என் முட்டிக்கு உன் முட்டியை முட்டுக் கொடுப்பாய். கால் விறைக்க ஆரம்பித்ததும், "ம், இப்போ" என்பாய். ஒரே சுற்று. வாசல் நாற்காலியில் இருப்பேன், மடியில் தோலும் கையில் ஊசியுமாக. தோல் பைக்குக் கைப்பிடி தைக்கிறவன் நாற்காலியில் உட்கார்ந்தால்தான் மனுஷன். கட்டிலில் கிடந்தால் வெறும் சுமை. துணியாய்த் தொங்குகிற காலோடு என்னை யார் தூக்கி வைப்பார்கள்? அக்காவுக்கு அவள் இடுப்பையே தூக்க முடியவில்லை.

ஆனால் போடாமலும் இருக்க முடியாது போலிருக்கிறது. கத்தி பிடித்திருக்கும்போது கால் உதைத்து உள்ளங்கை கிழிந்துவிட்டது. ஆட்டம் அடங்க கிங்ஸ் சர்க்கிள் மருந்துக்கடையில் வாங்கி வந்த மாத்திரையைப் போட்டால் உட்கார்ந்தபடியே தூங்கி வழிகிறேன். எனக்கு பயமாக இருக்கிறது பேச்சி. விழுந்த அன்றைக்குக்கூட இவ்வளவு பயப்படவில்லை. அன்றைக்கு யாரும் என்னைக் கேட்டுவிட்டுத் தள்ளவில்லை. இதற்கு நானே தலையாட்ட வேண்டுமாமே.

அப்புறம் இன்னொன்று. சிரிக்கக் கூடாது. காலை ஆட்டுவது நீதானாம். எங்க அக்காதான், உன் மதினி, சொல்கிறாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததிலிருந்து இதே பேச்சு. "அவதாம்ல வந்து ஒன் காலப் புடிச்சு இழுக்கா. தனியா இருக்க முடியல அவளுக்கு." நான் கத்தினேன். "உசிரோட இருந்தப்ப என்னைத் தூக்கிச் சுமந்தே இடுப்பு ஒடிஞ்சா. செத்த பெறகாவது அவளச் சும்மா விடுங்க!" அடுத்த கோலியில் குடியிருக்கிறவர்கள் புதுக் கலர் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு எங்களைக் கேட்டார்கள். நாங்கள் என்ன சீரியலா நடத்துகிறோம்?

அக்கா சோறு போடக் கூப்பிடுகிறாள். மீதியை அப்புறம் எழுதுகிறேன்.

* * *

மேலே உள்ளதை மத்தியானம் எழுதினேன். இப்போது விளக்கு வைக்கிற நேரம். எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்.

சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்தேன். உடனே பிடித்துக்கொண்டது. ஒன்று அடங்குவதற்குள் இன்னொன்று. தட்டு பறந்தது. அக்கா மூலையில் ஒண்டிக்கொண்டு முனகினாள். அப்போது உன் குரல்தான் ஞாபகத்துக்கு வந்தது. "இங்கேருங்க, அது சும்மா கத்தாது. எங்கயோ கடிக்குது. தேடணும்." தேடவும் செய்வாய். தலை முதல் கால் வரை, விரல் இடுக்குவரை. ஒரு நாள் மூத்திரக் குழாய் மடங்கிக் கிடந்தது. ஒரு நாள் தோல் பைக்கு அடிக்கிற ரிவிட்டு ஆணி ஒன்று தொடைக்கு அடியில் அழுந்திக் கிடந்தது. எனக்குத் தெரியாதது என் காலுக்குத் தெரிந்திருந்தது. நீ போன பிறகு யார் தேடினார்கள்? அக்காவுக்கு அது ஒரு வேலை என்றே தெரியாது.

"அக்கா, கால் கட்ட அவுரு" என்றேன். வீக்கத்துக்காகப் பாதத்திலிருந்து முட்டிவரை சுற்றுகிற பேண்டேஜ் கட்டைத்தான்.

"நாளைக்கு ஆஸ்பத்திரியில அவுப்பாவ."

"இப்ப அவுரு."

"சொன்னாக் கேளு தம்பி."

அவள் முகம் சரியில்லை. நானே எட்டி அவிழ்க்க ஆரம்பித்தேன். அவள் ஓடி வந்து என் கையைப் பிடித்தாள். கால் உதைத்தது. அவள் தோளில் பட்டது. விடவில்லை அவள். நானும் விடவில்லை. கட்டு சுற்றுச் சுற்றாக உருவி வந்தது. வாடையும் கூடவே வந்தது.

முட்டிக்குக் கீழே ஒரு கறுப்புக் கயிறு. கண்ணுக்குத் தெரிந்தது பாதிதான், மீதி சதைக்குள் போயிருந்தது. சுற்றிலும் சிவந்து, சீழ் கட்டி... உனக்கு எதற்கு அதெல்லாம்.

வடாலாவில் யாரோ மந்திரித்துக் கொடுத்தார்களாம். நீ வராமல் இருப்பதற்கு. எனக்குத் தெரிந்தால் கத்துவேன் என்று நான் தூங்கும்போது கட்டியிருக்கிறாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் பக்கத்தில் வந்ததும் அவசரமாகப் போர்வையை இழுத்து மூடினாளே, அது இதற்குத்தான். நீ போன பிறகு காலை இழுத்து நீவிவிட ஆளில்லை, அதனால் ஆட்டம் கொஞ்சம் கூடியது. கூடியதைப் பார்த்து இவள் கயிறு கட்டினாள். கயிறு கடித்தது, ஆட்டம் இன்னும் கூடியது. கூடக் கூட இவள் இறுக்கினாள். அட பாவி அக்கா!

தோல் வெட்டுகிற கத்தியை எடுத்தேன். அவள் காலில் விழாத குறை. "தொடாதலே! அத அறுத்தியானா ஒன்னையும் கூட்டிட்டுப் போயிருவா. எனக்கு இருக்கது நீ ஒருத்தன்தாம்ல."

கையில் கத்தி. கால் குதிக்கிறது. அறுத்தால் கயிறுதான் அறும் என்று என்ன நிச்சயம்? வெட்டுப்பட்டாலும் எனக்கு வலிக்காது, ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரியும். கத்தியைக் கீழே வைத்தேன். நீ செய்கிற மாதிரியே முட்டிமேல் உள்ளங்கையை வைத்தேன். அமுக்கக் கூடாது, மல்லுக்கு நிற்கக் கூடாது, அது ஆடி முடிக்கிறவரை சும்மா கூடவே இருக்க வேண்டும். இருந்தேன். கொஞ்சம் தளர்ந்தது.

"அக்கா, வந்து பிடி."

அவள் வரவில்லை. நான் திட்டவில்லை. மறுபடியும் கூப்பிட்டேன். வந்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு கணுக்காலைப் பிடித்தாள். பிடித்துக்கொண்டு உன்னிடம் பேச ஆரம்பித்துவிட்டாள். "பேச்சி, ஒனக்குப் புண்ணியமாப் போவும், என் தம்பிய விட்டுரும்மா. நீ நல்லவ. அவன விட்டுரு."

"அவகிட்ட எதுக்குக் கெஞ்சுத? கால நல்லாப் பிடி!" என்று அதட்டிக்கொண்டே கத்தியின் நுனியைக் கயிற்றுக்கு அடியில் விட்டேன். மூச்சை அடக்கிக்கொண்டு இழுத்தேன். அறுந்தது. சதைக்குள் இருந்ததை உரித்து எடுக்க வேண்டியிருந்தது. அக்கா கண்ணைத் திறக்கவே இல்லை.

வெந்நீரில் உப்புப் போட்டுக் கழுவினாள். அப்புறம் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து ரொம்ப நேரம் காலையே பார்த்துக்கொண்டிருந்தோம், அவளும் நானும். ஒரு உதறு வந்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று, சின்னதாக. அப்புறம் இல்லை.

"நாளைக்கு ஊசி வேண்டாம்னு சொல்லப்போறேன்க்கா. புண்ணை மட்டும் காட்டுவோம். ஆறட்டும். ஆறின பெறகும் இப்படியே குதிச்சா அப்ப யோசிப்போம்" என்றேன்.

அவள் தலையாட்டினாள். பிறகு சின்னப் பிள்ளை மாதிரிக் கேட்டாள். "அப்போ பேச்சி வரவே இல்லியாலே?"

"இல்லக்கா. கயிறுதான்."

சொல்லிவிட்டேனே தவிர, அதற்குப் பிறகு என்னால் முடியவில்லை பேச்சி. இத்தனை நாளும் வெளியே அக்காவோடு சண்டை போட்டேன், உள்ளே நீயாகத்தான் இருக்க வேண்டும் என்று கிடந்தேன். கால் உதறும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்வேன், உன் கை முட்டியில் இருக்கிறதாக நினைத்துக்கொள்வேன். ஊசிக்குப் பயந்தது நாற்காலிக்காக என்று மத்தியானம் எழுதினேன். அது பாதிதான். கால் அடங்கிவிட்டால் நீ வருவதற்கு வேறு வழி ஏது என்ற பயம்தான் மீதி.

இப்போது கால் அடங்கிக் கிடக்கிறது. நான் அழுகிறேன். உன்னைத் தூக்கிக்கொண்டு போன அன்றைக்கு வராத அழுகை. அக்கா முதுகைத் தடவிக்கொண்டிருக்கிறாள். முதுகின் மேல்பாதியில், எனக்குத் தெரிகிற இடத்தில்.

விடிந்ததும் காலை நானே இழுத்து நீவிவிடுவேன். விரல் விரலாகப் பார்ப்பேன், அக்காவுக்கும் பார்க்கக் கற்றுக்கொடுப்பேன். இனி ஆட்டம் வந்தால் கண்ணை மூட மாட்டேன், எங்கே கடிக்கிறது என்று தேடுவேன். அந்த நேரத்தில் உன்னைத் தேட மாட்டேன் பேச்சி. கோவிச்சுக்காதே. சத்தியமாக, உயிரோடு இருப்பதற்காகத்தான்.

உன்னிடம் பாரமாக மட்டும் இருந்துவிடவில்லையே என்று இன்னும் கேட்கத் துடிக்கிற,
உன் வீட்டுக்காரன்
சுடலைமுத்து
தாராவி